பெத்தாவின் வளவு

நாவிதன்வெளி என்ற பெயரைப் பிரித்துப் பார்த்தால் ஓர் ஆணின் தொழிலும் ஒரு வயலும் கிடைக்கின்றன. கிழக்கிலங்கையில் வெளி என்றால் நெல் விளையும் பரப்பு. கல்முனைப் பக்கமிருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து மேற்கே போனால் அன்னமலை, சொறிக்கல்முனை, சவளக்கடை, மத்தியமுகாம் என்று விரியும் அந்த வயல்நாட்டில் நாவிதனின் பெயர் நிலைத்துவிட்டது. இன்று அது ஒரு பிரதேச செயலகப் பிரிவின் பெயரும்கூட. ஆனால் தமிழ்ச் சமூகத்தில் நாவிதத் தொழில் ஒருபோதும் ஆணின் சவரக்கத்தியோடு முடிந்ததில்லை. தமிழ்நாட்டில் அந்தச் சமூகத்துக்கு மருத்துவர் என்றே பெயர். அந்த வீட்டுப் பெண்கள்தாம் ஊருக்குப் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சிகள். ஈழத்திலும் நாட்டு வைத்தியருக்கும் நாவிதருக்கும் பரியாரி என்ற ஒரே சொல் வழங்கியது. முகம் மழித்தவனின் பெயர் வயலில் ஏறியிருக்கிறது, பிள்ளை பிடித்தவளின் பெயரைக் காணோம். ஊர்ப்பெயரில் மட்டுமா இப்படி? இந்தப் பகுதியின் வரலாறு என்று நாம் படிப்பவற்றில் குறுநிலத் தலைவரான வன்னியனார் வருவார், நிலக்கிழாரான போடியார் வருவார், கோயில் நிர்வாகிகளான வண்ணக்கரும் பள்ளிவாசல் நிர்வாகிகளான மரைக்காயரும் வருவார்கள். கிழவி ஒருத்தி வருவதென்றால் அவள் இறந்தபின் பேரப்பிள்ளைகள் எழுதும் நினைவுக் குறிப்பில்தான் வரவேண்டும்.

அந்த நினைவுக் குறிப்புகளை வரலாற்றுச் சான்றாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் எண்ணம். தமிழ் வீடுகளில் 31ஆம் நாளில் கையில் கொடுக்கும் ‘கல்வெட்டு’ என்ற சிறு மலரிலும், முஸ்லிம் வீடுகளில் 40ஆம் நாள் கத்தத்தில் சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவர்கள் பேசிக்கொள்வதிலும் கிழக்கிலங்கைப் பாட்டியைப் பற்றி ஏறக்குறைய ஒரே சொற்கள் வருகின்றன. யாருக்கும் பயப்படாதவ. மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லுறவ. ஊரில் ஒரு பிள்ளைப்பேறென்றாலும் மௌத்தென்றாலும் முதல் ஆளாய் நிற்கிறவ. வீட்டுக்கு வந்தவரைச் சோறு தின்னாமல் அனுப்பாதவ. பெத்தா என்று அழைத்தாலும் அம்மம்மா, உம்மம்மா, மூத்தம்மா என்று அழைத்தாலும் இந்த விவரணை மாறுவதில்லை. எழுதுகிறவர்கள் இதை ஒரு தனிமனுஷியின் குணமாகவே எழுதுகிறார்கள்: அவ அப்படி, அவவின் சுபாவம் அப்படி. நூறு வீட்டில் நூறு கிழவிகளுக்கு ஒரே சுபாவம் வாய்த்திருக்கிறதென்றால் அதைச் சுபாவம் என்று விட்டுவிடுவது சரியில்லை. அந்தத் துணிச்சலுக்கு அடியில் ஒரு மண் இருந்தது. அது அவளுடைய வளவு, அதாவது வீடும் கிணறும் வேலிக்குள் நிற்கும் அவளுடைய காணி.

மட்டக்களப்புத் தெற்கிலிருந்து பொத்துவில் வரையுள்ள கரையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் கல்யாணம் பேசும் முறையை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. பெண்ணுக்கு வீடு வேண்டும். பெற்றோர் மூத்த மகளுக்குத் தாங்கள் குடியிருக்கும் வீட்டையே சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவிலோ பக்கத்திலோ சின்னதாக ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். பிறகு அடுத்த மகளுக்கு அடுத்த வீடு. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருகிறவன். காணியின் உரிமைப் பத்திரமான உறுதி பெண்ணின் பெயரில். அக்கா தங்கைகளின் வேலிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். தாயின் கிணறே எல்லாருக்கும் கிணறு. 1969இலிருந்து அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் இந்த ஏற்பாட்டைத் தமிழர், முஸ்லிம் இரு தரப்பிலும் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். இதன் விளைவு ஒன்றைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த ஊர்ப் பெண் தன் வாழ்நாளில் ஒருமுறைகூட வேறொரு வீட்டுக்கு மருமகளாகப் போய் நின்றதில்லை. தமிழ் நிலத்தின் பெரும்பகுதியில் ஒரு பெண் பதினெட்டு இருபது வயதில் அந்நியமான அடுப்படிக்குள் நுழைந்து, மாமியார் கண்ணைப் பார்த்துப் பேசக் கற்று, பேச்சு அடங்கி, தனக்கு மருமகள் வந்தபின்தான் குரல் திரும்பப் பெறுகிறாள். இந்தக் கரையோரப் பெத்தா அடங்கக் கற்ற காலமே கிடையாது. பிறந்த வளவில், பெற்ற தாயும் உடன்பிறந்தாளும் கூப்பிடு தூரத்தில் இருக்க, அறுபது எழுபது வருடம் பேசிப் பழகிய குரல் அது. கணவனோடு சண்டையென்றால் வீட்டை விட்டுப் போக வேண்டியவன் அவன். (போய், தாய் வீட்டுத் திண்ணையில் இரண்டு நாள் உட்கார்ந்துவிட்டு, அங்கே அவன் அக்காள் புருஷன் முகத்தைச் சுளிக்கத் தொடங்கியதும் திரும்பி வருவான்.)

யாழ்ப்பாணத்தோடு ஒப்பிட்டால் இது இன்னும் துலங்கும். அங்கேயும் பெண்ணுக்குச் சீதனம் உண்டு, வீடும் உண்டு. ஆனால் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் பெயரிலுள்ள அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் சொல்கிறது. கிழக்கில் முஸ்லிம் பெண்ணுக்கு அந்தத் தளை இருந்ததில்லை; மனைவியின் சொத்து மனைவிக்குத்தான் என்பது இஸ்லாமியச் சட்டத்தின் பழைய நிலைப்பாடு. கிழக்குத் தமிழ்ப் பெண்ணைப் பொதுச் சட்டம் கட்டியிருந்தது; 1923ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துக் கட்டளைச் சட்டத்தோடு அந்தக் கட்டும் அவிழ்ந்தது. சட்டப் புத்தகத்தைப் பெத்தா திறந்து பார்த்திருக்க மாட்டாள். கையெழுத்துக்காக யாரும் கணவனைத் தேடவேண்டியதில்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். ஊரில் ஒரு குமருக்குக் கல்யாணம் முட்டுப்பட்டால் தன் காதுக் கம்மலைக் கழற்றிக் கொடுக்கவும், வீடில்லாத ஒருத்திக்கு வளவின் மூலையில் ஒரு குடிசை போட இடம் விடவும் அவளால் முடிந்தது அதனால்தான். தாராளம் என்பது கொடுக்கத் தனக்கென்று ஒன்று உள்ளவர்களுக்கே வாய்க்கும் குணம்.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது? மட்டக்களப்பு மான்மியம் (எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த நூல்) சொல்லும் கதையில் மண்முனை அரசைத் தொடக்கி வைப்பவளே கலிங்கத்திலிருந்து வந்த உலகநாச்சி என்ற பெண்தான். ஐதிகத்தை வரலாறென்று நான் காட்டவரவில்லை. முதல் மூதாதையைப் பெண்ணாகக் கற்பனை செய்ய ஒரு சமூகத்துக்குக் கூச்சமில்லை என்பதற்கு மட்டும் அது சான்று. உறுதியான சான்று குடி என்ற தாய்வழிக் குல முறையில் இருக்கிறது. பிள்ளை தாயின் குடி. ஒரே குடிக்குள் கல்யாணம் இல்லை. இந்தக் கரையின் தமிழ்ச் சாதிகளில் ஒன்றான முக்குவர் தங்கள் குடிகளை உலகிப்போடிகுடி, படையாண்டகுடி, பணிக்கனாகுடி என்று எண்ணுவார்கள். முஸ்லிம் ஊர்களிலும் அதே ‘குடி’ என்ற சொல், அதே தாய்வழி எண்ணிக்கை. முஸ்லிம்களான பட்டாணியர் முக்குவருக்குப் படைத்துணை செய்து முக்குவப் பெண்களை மணந்து குடியேறினார்கள் என்று இரு தரப்பிலும் ஒரு கதை உண்டு. கதை எப்படியானாலும், போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களைக் கண்டியரசன் செனரத் 1626இல் இந்தக் கரையில் குடியேற்றியபோது அவர்கள் வந்து சேர்ந்தது ஏற்கெனவே தாயைக் கொண்டு குடியை அறிந்த ஒரு நாட்டுக்குள். பிற்காலத்தில் இரு சமூகங்களும் எத்தனை முறை ஒருவர்மீது ஒருவர் கத்தி தூக்கினாலும், கலியாண வீட்டில் எழும் குரவை ஒலியைக் கேட்டு அது எந்தச் சமூகத்து வீடென்று சொல்லிவிட முடியாது என்பதன் காரணம் இங்கேதான் தொடங்குகிறது.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்காவிட்டால் வாதம் பிழைத்துவிடும். பழைய முக்குவர் சட்டத்தில் சொத்து பெண்ணுக்குப் போகவில்லை. முதுசக் காணி தாய்மாமனிடமிருந்து சகோதரியின் ஆண்மக்களுக்குப் போயிற்று. வழி பெண்ணுடையது, கை ஆணுடையது. கிறிஸ்தோபர் பிரிட்டோ அந்தச் சட்டத்தைத் தொகுத்து அச்சேற்றியது 1876இல். வேடிக்கை என்னவென்றால் அதே 1876இல் வந்த மண உரிமை, வழியுரிமைக் கட்டளைச் சட்டம் அதைச் செல்லாக்காசாக்கியது. மாமன் சொத்து மருமகனுக்கு என்ற பாதை அடைபட்டபோது தாய்வழியைக் காப்பாற்ற மிஞ்சிய வழி, உயிரோடிருக்கும்போதே மகளுக்குச் சீதனமாக எழுதிவைப்பது. எனவே வீடும் உறுதியும் கையில் வைத்திருந்த பெத்தாவை ஆதிகாலத்துத் தாய்த்தெய்வத்தின் எச்சமாகப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவளுடைய பலத்தில் கணிசமான பங்கு பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு சட்ட நெருக்கடிக்கு இந்தக் குடும்பங்கள் கண்டுபிடித்த விடை. பழமைக்கு நிகராக இது சாமர்த்தியமும்கூட.

பெண்ணுக்கு இவ்வளவு பலமென்றால் கோயில் வண்ணக்கரும் பள்ளி மரைக்காயரும் ஏன் ஆண்களாகவே இருக்கிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குடியைப் பிரதிநிதித்துவம் செய்து பள்ளி நிர்வாகத்தில் உட்காரும் மரைக்காயர், தாயின் குடியால் அந்த இடத்தைப் பெறுகிறார், ஆனால் தாய் அங்கே உட்காருவதில்லை. தாய்வழி என்பது தாயாட்சி அல்ல. இதை மறைத்துப் பெருமை பேசுவதில் பயனில்லை. ஆயினும் பதவியை மட்டும் அதிகாரத்தின் அளவுகோலாக வைத்தால் இந்தச் சமூகத்தை அரைகுறையாகவே அளக்க முடியும். யார் எந்தக் குடி, யாருக்கு யார் முறை, யாரைக் கட்டலாம் யாரைக் கட்டக்கூடாது என்ற கணக்கு ஏட்டில் இல்லை, கிழவிகளின் வாயில் இருந்தது. கல்யாணப் பேச்சு அவர்கள் தலையசைக்காமல் நகராது. அந்த அதிகாரத்துக்கு இன்னொரு வழி கவி என்ற நாட்டார் பாடல் சொல்வது. கிழக்கிலங்கை முஸ்லிம் நாட்டார் பாடல்களை நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றவர்கள் தேடித் தொகுத்திருக்கிறார்கள். அவற்றில் கணிசமானவை பெண் குரலில் காதலையும் ஏமாற்றத்தையும் ஊர்ப் பெரியவர்களின் போலித்தனத்தையும் ஒளிவில்லாமல் பேசுகின்றன. நாலடியில் ஒருவனை ஊர் சிரிக்கும்படி செய்யக்கூடியவளுக்குப் பள்ளி நிர்வாகத்தில் ஒரு நாற்காலி இல்லாதது குறைதான். அவளுக்கு வாயே இல்லை என்று அதைக்கொண்டு முடிவு கட்டக்கூடாது.

மார்க்கத்தைக் காட்டி வரும் மறுப்பும் உண்டு. ஷரீஅத்தில் மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. தாய்வழிக் குடியும் வீட்டுச் சீதனமும் இந்து வழக்கத்தின் ஒட்டு, அதைக் களைவதே சீர்திருத்தம் என்பார்கள் சிலர். பங்குக் கணக்கு இறந்தவர் விட்டுச் சென்றதற்குத்தான் பொருந்தும் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். உயிரோடிருக்கும்போது தகப்பன் மகளுக்கு நன்கொடையாகக் கொடுத்த வீடு பங்குக்கு வராது. 1806இன் முகம்மதியச் சட்டக்கோவை 1852இல் தீவு முழுவதற்கும் விரிந்தபோதும், 1931இல் முஸ்லிம் வழியுரிமைச் சட்டம் வந்தபோதும் இந்த ஊர்கள் தங்கள் வழக்கத்தை அசையாமல் வைத்திருக்க முடிந்தது அதனால்தான். இந்தக் கரை தனித்த அதிசயமும் அல்ல. காயல்பட்டினத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கே போகிறார். கண்ணூர் மாப்பிளைத் தறவாடுகள் தாய்வழியே அறியப்பட்டன. சுமாத்திராவின் மினாங்கபாவ் மக்கள் தொழுகையையும் தாய்வழி வீட்டையும் ஒன்றாகவே வைத்திருக்கிறார்கள். இந்தியப் பெருங்கடலைச் சுற்றி, கணவன் கடலோடியாகவோ வியாபாரியாகவோ மாதக்கணக்கில் வெளியே இருந்த கரைகளில் இந்த ஏற்பாட்டை அடிக்கடி காணலாம்.

எனக்கே சங்கடம் தரும் மறுப்பு வேறு. அந்த வீட்டைக் கட்டியது யார்? மூன்று பெண்மக்களைப் பெற்ற கூலிக்காரன் மூன்று வீடு கட்டவேண்டும். சகோதரர்கள் தங்கைக்குக் கூரை போடும்வரை தங்கள் கல்யாணத்தை ஒத்திவைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கைக்கூலி என்று ரொக்கமும் கேட்கத் தொடங்கியபின் சுமை கழுத்தை நெரித்தது. எண்பதுகளிலிருந்து இந்த ஊர்களின் பெண்கள் மத்திய கிழக்குக்கு வீட்டுவேலைக்குப் போனது பெரும்பாலும் தனக்கோ தங்கைக்கோ மகளுக்கோ ஒரு கல்வீடு எழுப்பத்தான். பெத்தாவின் சுதந்திரத்தைப் பாடுகிறவர்கள் இந்தக் கணக்கையும் பாடவேண்டும். அதேபோல மருத்துவச்சியின் கைராசி. 1930களில் இலங்கையில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புக்கு 2,000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். அந்த எண் கீழிறங்கியது 1926இல் களுத்துறையில் தொடங்கிப் பரவிய சுகாதாரப் பிரிவுகளாலும் பயிற்சி பெற்ற குடும்பநல மாதர்களாலும் மருத்துவமனைகளாலும்தான். பெத்தாவின் மஞ்சளாலும் வெந்நீராலும் அல்ல. அவள் நள்ளிரவில் லாந்தரோடு நடந்து போனதை மெச்சுவோம். அவள் கையை மீறிப்போன பிரசவங்களும் அந்த இரவுகளில் இருந்தன.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் வளவு பற்றிய வாதம் நிற்கிறது. வளவு இல்லாமற்போன இடத்தில் பெத்தாவுக்கு என்ன நடந்தது என்பதை நாவிதன்வெளியே காட்டுகிறது. 1949இல் கல்லோயாக் குடியேற்றத் திட்டம் தொடங்கி, சேனநாயக்க சமுத்திரம் என்ற நீர்த்தேக்கத்தின் நீர் வாய்க்கால்களில் இறங்கியபோது, இடதுகரையின் கீழ்ப்பகுதியில் கரையோரத் தமிழரும் முஸ்லிம்களும் கொலனிகளில் குடியேறினார்கள். கொலனிகளுக்குப் பெயரில்லை, எண்தான்: 4ஆம் கொலனி, 7ஆம் கொலனி என்று இன்றைக்கும் பேருந்தில் கேட்கலாம். கரையில் ஒரு பெண் உறுதிக் காணியில் வாழ்ந்தாள். இங்கே வந்தது பேமிட் காணி, அதாவது அரசின் அனுமதிப்பத்திரத்தில் கிடைத்த காணி. 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அரசு குடும்பத் தலைவனைத் தேடிப் பேமிட் கொடுத்தது, தலைவனென்றால் அதிகாரிக்கு ஆண்தான். பின்னுரிமையாளர் நியமிக்கப்படாமல் அவன் இறந்தால் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை வாரிசைத் தேர்ந்தது: மகளுக்கு முன் மகன், இளையவனுக்கு முன் மூத்தவன். விதவை அனுபவிக்கலாம், மறுமணம் செய்தால் அதுவும் போகும். காணியைக் குறித்த அளவுக்குக் கீழே துண்டாடவும் முடியாது. மூன்று மகளுக்கு மூன்று வளவு என்ற கணக்கு அந்தச் சட்டத்துக்குள் நுழைய இடமே இல்லை. பேமிட் கொடுத்த அலுவலகத்தில் எவரும் தாய்வழிக் குடியை ஒழிக்கத் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். அப்படி ஒன்று இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஆறு ஏழு மைல் தூரத்தில், இடையில் ஒரு வாவி நீர்ப்பரப்பு மட்டுமே இருக்க, ஒரே குடியைச் சேர்ந்த இரண்டு சகோதரிகளில் கரையில் இருந்தவள் வீட்டுக்காரி ஆனாள், கொலனிக்குப் போனவள் பேமிட்காரனின் மனைவி ஆனாள்.

கொலனிக் குடும்பங்கள் சும்மா இருக்கவில்லை என்பதும் உண்மை. பேமிட் ஆணின் பெயரில் இருக்க, சீதனமாக வாய்மொழியில் மேட்டு நிலத்தில் பங்கு பிரித்து மகளுக்கு வீடு போட்டுக் கொடுத்தார்கள். ஊர் அதை ஏற்றது, காணிப் பதிவேடு ஏற்கவில்லை. மூத்த மகன் நல்லவனாயிருக்கும்வரை சிக்கலில்லை. சட்டம் ஒன்று, வழக்கம் ஒன்று என்று இரட்டை வண்டியில் ஏறிய இந்த ஏற்பாட்டில் முதலில் விழுவது வயதான பெண். தன் உறுதியில் இருப்பவள் மகனை அதட்டுவாள். மகனின் பேமிட்டில் இருப்பவள் அவன் மனைவி முகத்தைப் பார்த்துப் பேசவேண்டும். கரையோரப் பெத்தா தப்பித்த மருமகள் வாழ்க்கையை இவள் கிழவியானபின் வாழத் தொடங்குகிறாள்.

ஆணையே குடும்பத் தலைவனாகக் கண்ட இதே பிழையை 2004 திசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கரையிலும் செய்தோம். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் உயிரிழந்த அந்தக் காலையில் மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவுக் கடலோரத்தில் அடித்துச் செல்லப்பட்ட வீடுகளில் பெரும்பாலானவை பெண்களின் சீதன வீடுகள். கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் சொன்னார்கள், பிறகு தளர்த்தினார்கள். மாற்று வீடு கொடுக்கும்போது படிவத்தில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. பெண்ணின் வீடு போய், பல இடங்களில் ஆணின் பெயரில் வீடு வந்தது. மெக்கில்வ்ரேயும் பட்ரீசியா லோரன்சும் சுனாமிக்குப் பிந்திய சீதன வீடுகள் பற்றி எழுதியிருப்பது இந்த மாற்றத்தைத்தான். உதவி செய்ய வந்தவர்களில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்ததென்று நான் நினைக்கவில்லை. குடும்பம் என்றால் அதற்குத் தலைவன், தலைவன் என்றால் ஆண் என்ற ஒற்றை வரியைத் தீவு முழுவதற்கும் ஒரே அச்சில் அடித்ததுதான் குற்றம்.

இனி ஒன்று மட்டும் மிச்சம். எல்லாம் சொத்துத்தான் என்றால், சொத்திருந்தும் கஞ்சத்தனமாக, ஊரோடு ஒட்டாமல் செத்த கிழவிகளும் இருக்கிறார்களே? இருக்கிறார்கள். வீடு துணிச்சலைப் பிறப்பிக்கும் என்று நான் சொல்லவில்லை. துணிச்சல் பிறந்த பெண்ணிடம் அதை விட்டுவைக்கும் என்றுதான் சொல்கிறேன். கொலனிக் கிழவியிடமும் அதே நெஞ்சுரம் இருந்திருக்கும், அதைக் காட்ட அவளுக்கு வாசற்படி இருக்கவில்லை.

2022இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் திருத்தப்பட்டு, மகனை முன்னே வைத்த அந்த வரிசை நீங்கிவிட்டது. எண்பத்தேழு வருடம் கழித்து. ஆனால் சட்டம் மாறியதால் பழைய பேமிட்டில் உள்ள பெயர் தானாக மாறிவிடாது. ஆகவே நினைவு மலர் எழுத உட்காருகிற பேரன் பேத்திகளிடம் கேட்பது இதுதான். பெத்தா யாருக்கும் பயப்படாதவ என்று எழுதுங்கள். அதன் கீழே அவ எந்தக் குடி, எந்த வளவில் பிறந்தா, அது எந்த ஆண்டு உறுதியில் யாரால் எழுதப்பட்டது, நான்கு எல்லையிலும் எந்தெந்தச் சகோதரியின் வளவு இருந்தது என்பதையும் எழுதுங்கள். கொலனிக் குடும்பமென்றால் வீட்டுப் பெட்டியிலுள்ள பேமிட்டை எடுத்துப் பாருங்கள். பின்னுரிமையாளர் என்ற இடம் இன்னும் வெறுமையாகக் கிடந்தால், நாவிதன்வெளிப் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்கு உம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.